ஜெபக் குறிப்பு

உபதேசியார் கண்ணாயிரம் இறந்து பதினாறாம் நாள் அவர் தங்கை அலமு டிஸ்பென்சரிக்கு வந்து ஒரு துணிப்பையை என் மேசைமேல் வைத்தாள். "இதுல உங்க பேரு நெறய எடத்துல இருக்குது கம்பவுண்டரே. நீங்களே வச்சிக்கங்க" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் போய்விட்டாள். பைக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. அட்டையில் அவருடைய குண்டு குண்டான எழுத்தில் 'ஜெபக் குறிப்பு 1968' என்று எழுதியிருந்தது.

அதைத் திறக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. இது நடந்தது எழுபத்தாறாம் வருஷம். அந்த நோட்டு யார் கையில் சிக்குமோ என்று ஏழு வருஷமாக நான் பயந்துகொண்டே இருந்தேன். இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

முதலில் கண்ணாயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முசரவாக்கத்தில் நிலபுலன் வைத்திருந்த இந்துக் குடும்பம் அவருடையது. இருபது வயதில் யாரும் வற்புறுத்தாமல், தானே படித்து, தானே யோசித்து ஞானஸ்நானம் வாங்கியவர். அப்பன் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அதற்காக அப்பனைப் பற்றி இவர் ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதும் இல்லை. எங்கள் சபை அவரை உபதேசியாராக வைத்துக்கொண்டது. போதகர் ஐயா கோயிலில் நிழலில் நின்று பிரசங்கம் பண்ணுவார். உபதேசியார் வெயிலில் தெருத் தெருவாக நடந்து, வீட்டு வாசலில் நின்று பேச வேண்டும். நான் பரம்பரைக் கிறிஸ்தவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், தவறாமல் தூங்குகிறவன். என்னைப் போலப் பத்துப் பேரைக் கூட்டினாலும் அவர் ஒருவருடைய விசுவாசத்துக்கு ஈடாகாது. இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆனால் மனுஷனுக்கு வாதம் பண்ணுகிற வியாதி இருந்தது. காஞ்சிபுரத்தில் அந்த வியாதிக்குத் தீனி போட ஆளா இல்லை? சிவனுக்கு ஒரு பக்கம், பெருமாளுக்கு ஒரு பக்கம், ஆற்றுக்கு அந்தண்டை சமணர்கள். எண்ணெய்க் கடை நேமிநாதன் நயினார் சமணர். அவரோடு ஒரு நாள் கடை வாசலிலேயே இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. "கடவுள்னு ஒருத்தர் இருந்தா, ஒலகத்துல இத்தினி வலி எதுக்குய்யா?" என்று நயினார் கேட்டார். கண்ணாயிரம் ஏழு பதில் சொன்னார். ஏழும் நல்ல பதில்கள்தான், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நயினார் கடைசியில், "சரி, ஜெயிச்சிட்டீங்க. வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பத்து வருஷம் இப்படியே ஜெயித்து ஜெயித்து, கண்ணாயிரம் ஒரு ஆளைக்கூடக் கோயிலுக்குக் கூட்டி வரவில்லை.

அறுபத்தெட்டாம் வருஷம் மே மாதம் சென்னையில் உபதேசியார்களுக்குப் பத்து நாள் வகுப்பு வைத்தார்கள். காலேஜில் மனோதத்துவம் நடத்துகிற பேராசிரியர் ஒருவர் வந்து பாடம் எடுத்தாராம். திரும்பி வந்த கண்ணாயிரம் டீக்கடையில் என் எதிரே உட்கார்ந்து, டீயை ஆறவிட்டுவிட்டுப் பேசினார்.

"தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிக்கினு இருந்துட்டேன் கம்பவுண்டரே. மனுசன் வாயால கேக்கற கேள்வி வேற, மனசுல இருக்கற கேள்வி வேற. வாதம் பண்றவன் வாய்க்குப் பதில் சொல்றான். உள்ள ஒரு காயம் இருக்குது பாரு, அது அப்படியே கெடக்குது."

மறுநாளே நயினார் கடைக்குப் போனார். வாதம் பண்ணவில்லை. "அன்னிக்கி வலின்னீங்களே நயினாரே, யாரோட வலி?" என்று மட்டும் கேட்டார். நயினார் தராசைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். அவர் மனைவி சுகுமாரி மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. வலியில் அவள் முனகுகிற சத்தம் கேட்காமல் இருக்கத்தான் இவர் விடிந்ததும் கடைக்கு ஓடி வந்துவிடுகிறார். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. கண்ணாயிரம் ஒரு உபதேசமும் பண்ணாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நயினார் கிறிஸ்தவராகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தக் கடையில் கண்ணாயிரத்துக்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது.

அந்த ஸ்டூலோடு அவர் நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியதே இல்லை.

சபைக் கமிட்டியில் கேட்டார்கள்: "ஸ்டூல் கெடச்சிது, சந்தோஷம். ஆத்துமா எத்தனை?" கண்ணாயிரத்துக்கு உறைத்துவிட்டது. ஒரு நயினாரின் காயம் வெளியே வர ஒரு மத்தியானம் ஆகிறது. தெருவுக்கு நாற்பது தறி இருக்கிற ஊரில் இது எப்போது முடிகிற காரியம்? அதுவும் தறியில் இருக்கிறவன் கையும் காலும் ஓடிக்கொண்டிருக்கும். அவன் வாசலில் நிற்கிறவரிடம் மனசைத் திறந்து கொட்டுவானா? அவருக்குக் குறுக்கு வழி ஒன்று வேண்டியிருந்தது. அந்த வழி நான்தான்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். இன்னார் வீட்டில் இன்ன கஷ்டம், ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அதே சமாச்சாரத்தைக் குழாயடியில் சொன்னால் புறணி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபக் குறிப்பு. இந்த வித்தியாசத்தை நாங்கள் பிறந்ததிலிருந்து நம்பி வந்தோம். மருந்து கலக்கிக் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவன் நான். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறதை ஜனங்கள் என்னிடம் சொல்வார்கள். அப்படியிருக்க, என்னைவிட ஜெபக் குறிப்பு யாரிடம் இருக்கும்?

புதன்தோறும் கூட்டத்துக்கு முன் டீக்கடையில் கண்ணாயிரம் கேட்பார், நான் சொல்வேன், அவர் எழுதிக்கொள்வார். இரண்டு நாள் கழித்து அந்த வீட்டு வாசலில் நின்று, புண் எங்கே இருக்கிறதோ அங்கேயே கையை வைப்பார். "மனசுல இருக்கறத அப்படியே சொல்றாருபா" என்று தெருவில் பேச்சு பரவியது. தனக்கு மேலே இருந்து வெளிப்பட்டது என்று அவர் சொன்னதில்லை. இல்லை என்று மறுத்ததும் இல்லை.

ஆவணி மாதத்துக்குள் ஊர் மாறிவிட்டது. அவர் தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றுகொண்டே வரும். சில பெண்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சிலர் பின்னாலேயே ஓடி வருவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் முகத்தில் ஒரே பயம். அந்தப் பயத்தை நான் ஊசி போடுகிற அறையில் பார்த்திருக்கிறேன். கண்ணாயிரம் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் என்னவோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. ஆனாலும் அடுத்த புதன்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

ஒரு நாள் நயினார் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே அவரிடம் கேட்டாராம்: "என் வீட்டுக்காரி சமாச்சாரம் நான் சொல்லித்தான் உமக்குத் தெரிஞ்சிது. இவங்களுது எல்லாம் யார் சொல்லித் தெரியுது?" கண்ணாயிரம் எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அந்த ஸ்டூலில் அவர் உட்காரவே இல்லை.

தேவகி டிஸ்பென்சரிக்கு வந்தது அந்த ஐப்பசியில். இருபத்திரண்டு வயசு இருக்கும். மாகறல் பெண். புருஷன் துரைக்கண்ணு விவசாயக் குடும்பம்தான், தறிக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. அவர்களுடைய நாலு மாதக் கைக்குழந்தை செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மாந்தம் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் தூக்கத்துக்கு மருந்து கேட்டு வந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

"மாந்தம் இல்லீங்க" என்று ஆரம்பித்தாள்.

தீபாவளி நெருக்கடி. விடியற்காலை நாலு மணிக்குத் தெருவில் தறிக்கான பாவு நூலை விரித்து, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துவிட்டு வர வெயில் ஏறிவிட்டது. உடம்பு ஓய்ந்துபோய்ப் படுத்தபடியே குழந்தைக்குப் பால் கொடுத்தாள். கண் அசந்துவிட்டது. விழித்தபோது குழந்தை அவள் கைக்கு அடியில், மாருக்கு அடியில் கிடந்தது. அசைவில்லை. புரட்டி வேறு பாயில் கிடத்திவிட்டுத்தான் மாமியாரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"யாருக்கும் தெரியாதுங்க. அவருக்குத் தெரிஞ்சா உசுர விட்டுடுவாரு. சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சத்தியம் பண்ணினேன். புதன்கிழமை டீக்கடையில் கண்ணாயிரத்திடம் சொன்னேன். "ஜெபத்துல வச்சிக்கங்க" என்று கூடவே சேர்த்தும் சொன்னேன்.

அவர் சனிக்கிழமை போனார். துரைக்கண்ணு தறிக்குழியில் இருந்தான். மாமியார் பெரியநாயகி மூலையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தேவகி வாசல் நிலையில் சாய்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தேவகிம்மா, நீங்க மனசுல ஒண்ண வச்சிக்கினு தூங்காம இருக்கீங்க. ஒலகத்துல யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறீங்க. மேல இருக்கறவருக்குத் தெரியும்மா. உங்க மேல தப்பு இல்லன்னும் அவருக்குத் தெரியும்." அவள் கையிலிருந்த நூல்கட்டை உருண்டு தெருவில் போய் விழுந்ததாம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் "தெரியுமா?" என்று கேட்டாளாம்.

அன்றைக்குத்தான் அவள் தூங்கினாள். பத்தே நாளில் தறிக்கு வந்துவிட்டாள். கரையும் உடலும் வேறு வேறு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். துரைக்கண்ணு குழியில் இருக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். குழந்தை போனதிலிருந்து அந்த இடம் காலியாகவே கிடந்தது. துரைக்கண்ணு டிஸ்பென்சரிக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க உபதேசியாரு மனுசனே இல்லீங்க, தெய்வம். அவ சிரிச்சிட்டாங்க" என்றான்.

இப்போதும் நான் என்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. கண்ணாயிரம் அவளிடம் பொய் சொன்னாரா? சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்றுதான் அவரும் நம்பினார், நானும் நம்புகிறேன். அது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில்தான் பொய் இருந்தது. ஆனால் அவள் பிடித்துக்கொண்டிருந்ததோ அதைத்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிறு தோறும் வந்தார்கள். அறுபத்தொன்பதாம் வருஷம் ஈஸ்டரன்று இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று. எங்கள் சபையில் ஞானஸ்நானம் வாங்குகிறவர் முதலில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். நான் எப்படி இருந்தேன், எப்படி அழைக்கப்பட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். குடிகாரன் குடியைச் சொல்வான், திருடன் திருட்டைச் சொல்வான். கேட்கிறவர்கள் ஸ்தோத்திரம் சொல்வார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கண்ணாயிரமும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். துரைக்கண்ணு நெய்த சேலையைக் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தான். தேவகி வாசலுக்கு வந்தாள். முகம் அத்தனை தெளிவாக இருந்தது.

"நாளிக்கி எல்லாத்தயும் சொல்லிடப்போறேன். சாமியே உங்ககிட்ட சொல்லி அனுப்பிட்டாரு. அவரே மன்னிச்ச அப்புறம் எங்க வீட்டுக்காரருகிட்ட மறைக்கறது தப்பில்லீங்களா?"

கண்ணாயிரம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரியநாயகி உள்ளேயிருந்து இரண்டு டம்ளர் மோரோடு வந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

வழியில் நான் அவர்மேல் பாய்ந்தேன். "இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லுங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க."

"கடவுள் யார் வாயால வேணும்னாலும் பேசுவாரு கம்பவுண்டரே" என்றார். அதில் அவருக்கே நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை. "சொன்னா அவ விசுவாசம் போயிடும்."

"சொல்லலன்னா அவ குடும்பம் போயிடும். அந்தக் கெழவி சும்மா விடுமா?"

"அப்போ நீங்க வந்து சொல்றீங்களா?"

நான் நடையை எட்டிப் போட்டேன். நோயாளி சொன்னதை வெளியே சொன்னேன் என்று தெரிந்தால் டாக்டர் என்னை அன்றே வெளியே அனுப்பிவிடுவார். எனக்கு மூன்று பெண்கள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் கோழை.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். துரைக்கண்ணு புது வேட்டி கட்டிக்கொண்டு முன்பாயில் உட்கார்ந்திருந்தான். மருமகளுக்கு என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பெரியநாயகியும் வந்து கடைசியில் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்தது. போதகர் தேவகியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள்.

அவளுக்கு முன்னால் கண்ணாயிரம் எழுந்துவிட்டார்.

"தேவகிம்மா, உக்காருங்க. நீங்க இங்க ஒண்ணும் சொல்ல வேணாம். அன்னிக்கி உங்க வாசல்ல நான் சொன்னது எனக்கு மேல இருந்து வரல. கம்பவுண்டர் சொன்னாரு. தெரிஞ்சிக்கினு வந்து, தெரியாத மாதிரி பேசினேன். இந்தத் தெருவுல நெறய பேருகிட்ட அப்படித்தான் பேசினேன். மன்னிச்சிக்கங்க." அவர் தேம்பித் தேம்பி அழுதார்.

அவர் அவளைக் காப்பாற்றத்தான் எழுந்தார். ராத்திரி முழுக்க யோசித்து, தன் மானத்தைக் கொடுத்தால் அவள் மானம் தப்பும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மனோதத்துவம் படித்த மனுஷனுக்கு முன்பாயில் உட்கார்ந்திருந்த துரைக்கண்ணுவின் மனசு ஞாபகம் வரவில்லை.

துரைக்கண்ணு மெல்ல எழுந்து நின்றான். கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டான்: "இன்னாத்த சொன்னாரு கம்பவுண்டரு?"

கோயிலே திரும்பி என்னைப் பார்த்தது.

"ஒண்ணும் இல்லபா. தூக்கம் வரலன்னு மாத்திரை வாங்கினாங்க. அவ்வளவுதான்" என்றேன்.

"அதுக்கா இப்படி அழறாரு?"

அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கண்ணாயிரத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். அன்றைக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவன் கேட்டிருக்கிறான், அவள் சொல்லியிருக்கிறாள். தறி, அடுப்பு, பாய் எல்லாம் ஒரே அறையில் இருக்கிற வீடு. மாமியாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். துரைக்கண்ணு அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திவிட்டான். பெரியநாயகி தெருவில் நின்று, என் பேரனைக் கொன்றவள் என்று கத்தினாள். அந்த வாரமே தேவகியை மாகறலுக்கு அனுப்பிவிட்டார்கள். துரைக்கண்ணு அதற்கப்புறம் கோர்வைச் சேலை நெய்யவில்லை. ஒற்றை ஆளாக நெய்கிற சேலைதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் கூப்பிட்டு ஒரு தரம் எச்சரித்தார், அத்தோடு சரி. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை என்று பிற்பாடு தோன்றியது.

கண்ணாயிரம் உபதேசியார் வேலையை விட்டார். நயினாரே கூப்பிட்டுத் தன் கடையில் வேலை கொடுத்தார். சாகிறவரை அங்கே எண்ணெய் அளந்தார். யாரிடமும் மதம் பேசவில்லை. யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொல்ல வந்தால்கூட, "வேணாங்க, எங்கிட்ட சொல்லாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிடுவார்.

நோட்டைத் திறந்தேன். முதல் பக்கத்தில் சென்னை வகுப்பில் எழுதிய குறிப்புகள். அதில் ஒரு வரி: 'ஒருவர் தாமாகத் திறக்காத கதவை நாம் திறக்கக் கூடாது, கேட்பது என்பது காத்திருப்பது.' அதன்கீழ் இரண்டு கோடு அடித்திருந்தது. எழுத்து நீல மை, கோடு சிவப்பு மை. பிற்காலத்தில் அடித்தது. அடுத்த பக்கத்திலிருந்து வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'கம்ப.' என்று என் அடையாளம். தேவகியின் பெயருக்கு எதிரே எழுதியிருந்ததைப் பேப்பர் கிழிகிற அளவுக்கு அடித்திருந்தார்.

வேலையை விட்டபின் அவர் வாராவாரம் திங்கட்கிழமை பஸ் பிடித்து மாகறலுக்குப் போனார். தேவகியின் தாய்வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். யாரும் கூப்பிட மாட்டார்கள். திரும்பி வருவார். ஏழாவது திங்கட்கிழமை அவர் நேரே டிஸ்பென்சரிக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டு, என்னிடம் இதைச் சொன்னார்.

அன்றைக்குத் தேவகி கதவைத் திறந்தாளாம். ஆள் பாதியாகிவிட்டாளாம். திரும்பவும் தூக்கம் இல்லை. அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததை அவள் காதில் வாங்கவே இல்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றாளாம். "உங்ககிட்ட சொன்னது கம்பவுண்டருதான்னா, அப்போ சாமிக்கு அது தெரியாதா?"

பத்து வருஷம் காஞ்சிபுரம் முழுக்க வாதம் பண்ணி ஜெயித்த மனுஷன். "தெரியும்மா, சத்தியமா தெரியும்" என்றாராம்.

அவள் கதவில் கை வைத்தாளாம். பிறகு கேட்டாளாம்: "இத யாரு சொன்னது உங்களுக்கு? கம்பவுண்டரா?"

கேட்டுவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எட்டாவது திங்கட்கிழமை அவர் மாகறலுக்குப் போகவில்லை.